எந்த ஸ்கேலில் சேர்ப்பது? வுல்வரினை வைத்து அளந்து பார்ப்போம்

மார்வெல் காமிக்ஸின் எக்ஸ்-மென் என்ற சூப்பர்ஹீரோ அணியில் வரும் வுல்வரின் குள்ளன். மார்வெலின் அதிகாரப்பூர்வக் கையேடு அவனுக்குத் தரும் உயரம் 5 அடி 3 அங்குலம். ஜீன் கிரே 5 அடி 6, ஸ்டார்ம் 5 அடி 11, சைக்ளாப்ஸ் 6 அடி 3, உலோக உடம்போடு நிற்கும்போது கொலோசஸ் 7 அடி 5. எக்ஸ்-மென் அணியைப் பொம்மைகளாக அலமாரியில் ஒரே தட்டில் நிறுத்தினால் இந்த மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். சைக்ளாப்ஸை அண்ணாந்து முறைக்கிறவன்தான் வுல்வரின். இருவரும் தோளுக்குத் தோள் சமமாக நின்றால், பெயின்ட் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், முகம் அச்சு அசலாக அமைந்திருந்தாலும், அந்தக் கதாபாத்திரம் அங்கே இல்லை.

புதிதாகச் சேர்க்கத் தொடங்குகிறவர்களும், கைக்குக் கிடைத்ததை எல்லாம் வாங்கிவிட்டு இப்போது ஒழுங்குபடுத்த நினைக்கிறவர்களும் முதலில் எடுக்க வேண்டிய முடிவு எந்த நிறுவனம் என்பதல்ல, எந்த ஸ்கேல், அதாவது நிஜ உயரத்தில் எத்தனையில் ஒரு பங்கு, என்பதுதான். சூப்பர்ஹீரோ ஆக்‌ஷன் ஃபிகர்களில் பெரும்பாலும் நான்கு தேர்வுகள்: 1:18, 1:12, 1:10, 1:6. நான்கிலும் வுல்வரின் எப்படி நிற்கிறான் என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பி முடிவெடுக்கக் கூடாது. '6 அங்குல வரிசை' என்பது அந்த வரிசையில் ஒரு சராசரி ஆணின் உயரம் தோராயமாக எவ்வளவு என்பதைச் சொல்கிறது. அதே வரிசையில் 5 அங்குல உருவமும் இருக்கும், 8 அங்குல உருவமும் இருக்கும், இருக்கத்தான் வேண்டும். ஒவ்வொரு உருவத்துக்கும் தனியாகக் கொடுக்கும் உயரத்திலும் சிக்கல் உண்டு. பேட்மேனின் காது, வுல்வரின் முகமூடியின் இரண்டு முனைகள், தோரின் தலைக்கவசச் சிறகு எல்லாவற்றையும் சேர்த்தே பல நேரங்களில் அளந்திருப்பார்கள். ஆகவே உச்சியை விட்டுவிட்டுக் கண்மட்டத்தை ஒப்பிடுங்கள். இரண்டு பேர் நேருக்கு நேர் நிற்கும்போது யார் யாரைக் குனிந்து பார்க்கிறார்கள் என்பதைத் தீர்மானிப்பது கண்மட்டம்தான்.

1:12

இந்த ஸ்கேலின் அழகு அதன் கணக்கில் இருக்கிறது. ஓர் அடிக்கு 12 அங்குலம் என்பதால், நிஜத்தில் எத்தனை அடியோ இங்கே அத்தனை அங்குலம். 6 அடி ஆள் 6 அங்குலம். வுல்வரின் 5¼ அங்குலம், தோர் 6½, கொலோசஸ் கிட்டத்தட்ட 7½, 7 அடி ஹல்க் 7 அங்குலம். கால்குலேட்டரே வேண்டாம். ஒரு கதாபாத்திரத்தின் உயரம் தெரிந்தால், கையில் இருக்கும் உருவம் சரியா தவறா என்று ஒரு ஸ்கேல் கட்டையை வைத்தே தீர்ப்புச் சொல்லிவிடலாம்.

டாய் பிஸ் நிறுவனம் 2002இல் தொடங்கி, 2007 முதல் ஹாஸ்ப்ரோ நடத்திவரும் மார்வெல் லெஜண்ட்ஸ் இந்த ஸ்கேலின் முதுகெலும்பு. கதாபாத்திரங்களின் எண்ணிக்கையில் இதற்கு ஈடாக வேறொரு மார்வெல் வரிசை இல்லை. யாருக்கும் நினைவில் இல்லாத மூன்றாம் நிலை வில்லன்கள் வரை வந்திருக்கிறார்கள். அணி சேர்க்க விரும்புகிறவருக்கு இதைவிடப் பெரிய வாதம் தேவையில்லை.

ஆனால் ஸ்கேல் ஒழுங்கு என்று வந்தால், மார்வெல் லெஜண்ட்ஸின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. உலோக அச்சு வெட்டுவது செலவு பிடிக்கும் வேலை. ஒரு உடலுக்கு அச்சு வெட்டினால் அதைப் பத்துப் பதினைந்து பேருக்குப் பயன்படுத்தினால்தான் கட்டுப்படியாகும். தலையையும் கையுறையையும் நிறத்தையும் மாற்றிப் புதிய ஆளாக வெளியிடுகிறார்கள். சேகரிப்பவர்கள் இந்தப் பொது உடல்களுக்குப் பெயரே வைத்திருக்கிறார்கள்: பக்கி கேப் உடல், பீட்சா ஸ்பைடி உடல் என்று. 5 அடி 10 ஆளும் 6 அடி 2 ஆளும் ஒரே உடலில் வரும்போது, அந்த 4 அங்குல வித்தியாசம் காணாமல் போகிறது. இந்த ஸ்கேலில் அது 8 மில்லிமீட்டர்தான். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் கண் அதைக் கண்டுபிடித்துவிடும். வுல்வரினுக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் வந்த அவனது பல பதிப்புகளில் சில சரியான குள்ளம், சில தேவைக்கு மேல் உயரம். எனவே '6 அங்குல வுல்வரின்' வேண்டும் என்று போய் வாங்காதீர்கள். எந்தப் பதிப்பு எந்த உடலில் வந்தது என்று பார்த்து வாங்குங்கள்.

பொது உடல் புதிய பழக்கமும் அல்ல. 1972இல் மேகோ நிறுவனம் தொடங்கிய 8 அங்குல சூப்பர்ஹீரோ வரிசையே, ஒரே உடலுக்கு வேறு தலையும் வேறு உடையும் மாட்டுவது என்ற யோசனையில் நின்றதுதான். பேட்மேன், சூப்பர்மேன் வரும் டிசி காமிக்ஸுக்காக மாட்டெல் 2008இல் கொண்டுவந்த டிசி யுனிவர்ஸ் கிளாசிக்ஸும் அதே வழியில்தான் போனது.

பிரம்மாண்டங்களில் 1:12 எங்கே தடுமாறுகிறது, எங்கே நிமிர்ந்து நிற்கிறது என்பதற்கு கலாக்டஸை எடுத்துக்கொள்ளலாம். கையேட்டில் அவன் உயரம் 28 அடி 9 அங்குலம். 2005இல் டாய் பிஸ், ஒரு தொகுப்பில் உள்ள உருவங்களை எல்லாம் வாங்கி அவற்றோடு வரும் பாகங்களைச் சேர்த்துக் கட்டும் கலாக்டஸை வெளியிட்டது. உயரம் ஏறத்தாழ 16 அங்குலம். அதாவது 16 அடி கலாக்டஸ். உலகங்களை விழுங்குகிறவன் என்பதை அந்த உயரம் நம்பவைக்கவில்லை. 2021இல் ஹாஸ்ப்ரோவின் ஹாஸ்லேப் முன்பதிவுத் திட்டத்தில் வந்தவனோ 32 அங்குலம். தலைக்கவசக் கொம்புகளையும் கணக்கில் எடுத்தால் கையேட்டு உயரத்துக்கு நெருங்கி வந்துவிடுகிறான். ஸ்கேலை மதிக்கிற நிறுவனம் என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த 26.3 அங்குல சென்டினலும் (எக்ஸ்-மென்னை வேட்டையாடும் ராட்சத ரோபோ) அப்படித்தான், எக்ஸ்-மென் அணியை முழுசாக அவன் காலடியில் நிறுத்தலாம். இவர்களுக்கு இடம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. 32 அங்குலம் என்பது சாதாரண அலமாரியின் இரண்டு தட்டு உயரம்.

ஜப்பானிய வரிசைகளைக் கலக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். மெடிகாமின் மாஃபெக்ஸ் 1:12 கணக்கில்தான் வருகிறது, லெஜண்ட்ஸோடு பெரும்பாலும் ஒத்துப்போகும். பண்டாயின் எஸ்.எச். ஃபிகுவார்ட்ஸ் பொதுவாகச் சற்றுச் சிறியது, தலையும் தோளும் ஒடுங்கியவை. மேக்ஸ் ஃபாக்டரியின் ஃபிக்மா எந்த ஸ்கேலையும் கறாராகப் பிடிப்பதில்லை. இங்கே உயரத்தை விடத் தலை அளவுதான் காட்டிக்கொடுக்கும். நிஜ மனிதன் ஏறக்குறைய ஏழரைத் தலை உயரம். ஓவியர்கள் வீரநாயகர்களை எட்டு, எட்டரைத் தலை உயரத்துக்கு வரைகிறார்கள். 6 அங்குல உருவத்தில் முதல் கணக்குப்படி தலை சுமார் 20 மில்லிமீட்டர், இரண்டாவதின்படி 18 மில்லிமீட்டர். உயரம் மில்லிமீட்டர் சுத்தமாகப் பொருந்தினாலும், இந்த 2 மில்லிமீட்டர் வித்தியாசத்தில் ஒருவன் சிறுவன் போலவும் மற்றவன் ராட்சசன் போலவும் தெரிவான். உயரம் கொஞ்சம் தவறி, தலை அளவு பொருந்தினால் கண் மன்னித்துவிடும். தலை பொருந்தாவிட்டால் மன்னிக்காது.

1:10

7 அங்குலம் என்று அழைக்கப்படும் வரிசைகள் இவை. 6 அடி ஆள் இங்கே 7.2 அங்குலம், பேட்மேன் 7.4, சூப்பர்மேன் 7.5. மக்ஃபார்லேன் டாய்ஸ் 2020இல் தொடங்கிய டிசி மல்டிவெர்ஸ் வரிசையால் டிசி சேகரிப்பு இந்தப் பக்கம் திரும்பியது. கையில் எடுத்தால் கனமாக, நிறைவாக இருக்கும். முதுகில் தொங்கும் கேப்பின் மடிப்பு, கவச வேலைப்பாடு எல்லாவற்றுக்கும் 1:12ஐ விடத் தாராளமாக இடம் கிடைக்கிறது. கோட்டோபுகியாவின் ஆர்ட்எஃப்எக்ஸ் பிளஸ் சிலைகளும், அயர்ன் ஸ்டூடியோஸின் ஆர்ட் ஸ்கேல் சிலைகளும் இதே 1:10தான் என்பதால், அசையாத சிலையையும் அசையும் உருவத்தையும் ஒரே காட்சியில் சேர்க்க முடியும். 1:10 ரிமோட் கார்களுக்கென்று வரும் சின்ன பெட்ரோல் கேன், கருவிப்பெட்டி, டயர் எல்லாம் இவர்களுக்குப் பொருந்தும்.

மார்வெல் ரசிகருக்கு இங்கே ஆள் பஞ்சம். டயமண்ட் செலக்டின் மார்வெல் செலக்ட், இசட்.டி. டாய்ஸின் அயர்ன் மேன் கவசங்கள் இருக்கின்றன. முழு அணி கட்ட இவை போதாது. 6.3 அங்குல வுல்வரினை வாங்கிவிட்டு, பக்கத்தில் நிறுத்த ஸ்டார்மைத் தேடிக்கொண்டிருக்க நேரும். மார்வெல் செலக்டின் ஹல்க், ஜகர்நாட் போன்ற பெருத்த உருவங்களை 1:12 சேகரிப்பாளர்கள் வாங்கி லெஜண்ட்ஸ் தட்டில் நிறுத்துவது வழக்கம். இது நல்ல உத்தி. 7 அங்குல வரிசையில் கொஞ்சம் சிறியதாகத் தெரியும் ஹல்க், 6 அங்குல ஆட்களுக்கு நடுவே சரியான ஹல்க் ஆகிவிடுகிறான். அசுரர்களுக்கு மட்டும் இந்தக் கலப்பு செல்லும். சாதாரண மனிதர்களைக் கலந்தால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும்.

டிசி சேகரிப்பவர்கள் பொம்மை செய்யும் உரிமம் கைமாறுவதையும் கணக்கில் வைக்க வேண்டும். மாட்டெலின் 6 அங்குல உருவங்களை ஆண்டுக்கணக்கில் சேர்த்தவர்களுக்கு 2020இல் உரிமம் கைமாறி எல்லாம் 7 அங்குலம் ஆனபோது அணி பாதியில் நின்றுபோனது. அரைகுறையாக நின்ற ஜஸ்டிஸ் லீக்கை (டிசியின் முக்கிய அணி) புதிய ஆட்களை வைத்து நிரப்ப வழியில்லை. 2026 முதல் அந்த உரிமம் மீண்டும் மாட்டெலுக்கே போகிறது. ஆகவே 1:10இல் ஜஸ்டிஸ் லீக் கட்டுகிறவர்கள், முக்கிய ஏழு பேரையும் முதலில் முடித்துவிட்டு மற்றவர்களிடம் போவது நல்லது. புது வரிசை வரட்டும் என்று ஒருவரை மட்டும் விட்டுவைத்தால் அந்த ஓர் இடம் காலியாகவே கிடக்கக்கூடும்.

1:18

என் மனதுக்கு மிக நெருக்கமான ஸ்கேல் இது. சந்தை அதிகம் கைவிட்டதும் இதைத்தான். 1978இல் கென்னர் நிறுவனத்தின் ஸ்டார் வார்ஸ் உருவங்கள் 3¾ அங்குலத்தை நிலைநாட்டின. 1982இல் ஜி.ஐ. ஜோ அதே அளவில் வந்தது. 2009இல் ஹாஸ்ப்ரோ மார்வெல் யுனிவர்ஸ் வரிசையை இதில் தொடங்கியது. வுல்வரின் இங்கே 3½ அங்குலம்.

இந்த ஸ்கேலின் வரம் பிரம்மாண்டம். 28 அடி 9 அங்குல கலாக்டஸ் 1:18இல் 19 அங்குலத்துக்குச் சற்று மேல். 2010இல் ஹாஸ்ப்ரோ இந்த வரிசைக்காக வெளியிட்ட கலாக்டஸ் 19 அங்குலம்! ஹாஸ்லேப் போன்ற திட்டம் எதுவும் இல்லாமல், கடையில் கிடைத்த ஒரு பொம்மை, கையேட்டுக் கணக்கோடு இவ்வளவு நெருக்கமாகப் பொருந்தியது. அவன் முழங்காலுக்குக் கீழே ஃபென்டாஸ்டிக் ஃபோர் நால்வரும் நிற்கும் காட்சியை ஒரே தட்டில் அமைக்கலாம். வாகனமும் அப்படியே. 1:18 டை-காஸ்ட் கார்கள், அதாவது உலோகத்தில் வார்த்த மாதிரிக் கார்கள், உலகெங்கும் கிடைப்பவை. தெருச் சண்டைக் காட்சி அமைக்க இதைவிட வசதியான ஸ்கேல் கிடையாது.

குறை என்னவென்றால், சின்னத் தவறும் இங்கே பெரிதாகும். கழுத்து மூட்டு 2 மில்லிமீட்டர் தூக்கலாக அமைந்துவிட்டால், நிஜ அளவில் அது 36 மில்லிமீட்டர், அதாவது கிட்டத்தட்ட ஒன்றரை அங்குலம். அதே 2 மில்லிமீட்டர் 1:6இல் வெறும் 12 மில்லிமீட்டர். ஜீன் கிரேக்கும் வுல்வரினுக்கும் உள்ள 3 அங்குல வித்தியாசம் 1:18இல் 4 மில்லிமீட்டர் மட்டுமே. தொழிற்சாலையில் மூட்டு பொருத்துவதிலேயே அதில் பாதி கரைந்துபோகும். போதாததற்கு, 2020இல் ஹாஸ்ப்ரோ 3¾ அங்குலத்தில் வெளியிட்ட ரெட்ரோ வரிசை பழைய கென்னர் பாணியில் ஐந்து மூட்டு மட்டுமே கொண்டது. ஹியா டாய்ஸ் 1:18இல் இன்ஜஸ்டிஸ் 2 என்ற டிசி வீடியோ கேமின் உருவங்களை மூட்டுகளோடு நன்றாகச் செய்தது. ஆனால் பெரிய மார்வெல் அணி கட்ட நினைப்பவர் பழைய மார்வெல் யுனிவர்ஸ் உருவங்களைப் பிறரிடமிருந்துதான் வாங்க வேண்டும். தேடலில் இன்பம் காண்கிறவருக்கு மட்டுமே இந்தப் பாதை.

1:6

12 அங்குல உருவங்கள். ஹாங்காங்கின் ஹாட் டாய்ஸ் இதன் உச்சம். ஸ்கேல் ஒழுங்கு என்ற ஒரே அளவுகோலில் பார்த்தால் நான்கிலும் இதுவே நம்பகமானது. காரணம், திரையில் நடித்தவரின் உடலையும் முகத்தையும் பார்த்து ஒவ்வொருவரையும் தனித்தனியாக வடிக்கிறார்கள். அவர்களுடைய ஹல்க்பஸ்டர் (ஹல்க்கை அடக்க அயர்ன் மேன் அணியும் ராட்சதக் கவசம்) ஏறத்தாழ 55 செ.மீ. ஆறால் பெருக்கினால் 3.3 மீட்டர், கிட்டத்தட்ட 11 அடி. திரையில் அயர்ன் மேனான டோனி ஸ்டார்க்குக்கு அது எவ்வளவு பெரிதாகத் தெரிந்ததோ, அந்த உணர்வு அப்படியே கிடைக்கிறது.

துணி விஷயத்திலும் 1:6 தான் முன்னால். நூலின் தடிமன் ஸ்கேலுக்கு ஏற்ப இளைப்பதில்லை. 0.3 மில்லிமீட்டர் துணியைத் தைத்துப் போட்டால், 1:6இல் அது 1.8 மில்லிமீட்டர் தடித்த துணியாகத் தெரியும். கனத்த கோட், கவச உடை என்று கண் ஏற்றுக்கொள்ளும். 1:12இல் அதே துணி 3.6 மில்லிமீட்டர், கம்பளியைச் சுற்றியது போலாகிவிடும். மெஸ்கோவின் ஒன்:12 கலெக்டிவ் மெல்லிய துணியைத் தேர்ந்து இந்தச் சிக்கலை வெகுவாகச் சமாளிக்கிறது. அப்படியிருந்தும் அதன் ஆட்களை லெஜண்ட்ஸின் பிளாஸ்டிக் ஆட்களுக்கு நடுவே விட்டால், ஒரே உயரத்திலும் வேறு உலகத்து மனிதர்களாகத் தெரிவார்கள். உயரத்தோடு பொருளும் ஒத்துப்போனால்தான் ஸ்கேல் ஒத்துப்போனதாகக் கண் நம்பும். துணி உடை உருவங்களுக்குத் தனித் தட்டு கொடுங்கள்.

1:6இல் அணி கட்டுவது பெரும்பாலானோருக்கு நடக்காத காரியம். ஒவ்வொரு பக்கமும் இரட்டிப்பதால் ஓர் உருவம் 1:12ஐப் போல எட்டு மடங்கு கன அளவை அடைக்கும். கலாக்டஸ் இந்த ஸ்கேலில் வந்தால் 57 அங்குலத்துக்கு மேல், ஜீன் கிரேயின் நிஜ உயரத்துக்கு எட்டரை அங்குலம் குறைவு, அவ்வளவுதான். மனதுக்குப் பிடித்த மூன்று நான்கு பேரை மட்டும், ஒவ்வொருவரையும் தனி உருவச்சிலை போல வைத்துப் பார்க்க விரும்புகிறவருக்கு 1:6. தனியாக நிற்கிறவனுக்கு ஸ்கேல் சிக்கலே வராது.

திரையா, காமிக்ஸா

ஸ்கேலைத் தேர்ந்த பிறகும் ஒரு முடிவு பாக்கி இருக்கிறது. சேகரிப்புகள் குழம்புவது பெரும்பாலும் இங்கேதான் என்பது என் கணிப்பு. திரையில் வுல்வரினாக நடித்த ஹ்யூ ஜாக்மன் 6 அடிக்கு மேல். அவரைப் பார்த்து வடித்த உருவம் 1:12இல் 6 அங்குலத்துக்கு மேல் இருந்தால் அது பிழையல்ல, மிகச் சரி. அதையே காமிக்ஸ் சைக்ளாப்ஸின் பக்கத்தில் நிறுத்தினால் தவறாகிவிடும். வில்லன் தானோஸும் அப்படியே. கையேட்டில் 6 அடி 7 அங்குலம்தான், தோரைவிட ஓர் அங்குலம் கூட. திரையிலோ தோர் அவன் நெஞ்சு மட்டத்தில் நின்று போராடுகிறான். காமிக்ஸ் தட்டு, திரைத் தட்டு என்று பிரித்துவிடுங்கள். ஹல்க் மட்டும் இரண்டிலும் கொஞ்சம் சுதந்திரம் கொண்டவன். கோபத்தோடு வளர்கிறவனுக்கு ஒரே உயரம் என்று யாரும் சட்டம் போட முடியாது. நினைத்தபடி சுருங்கவும் வளரவும் செய்கிற ஆன்ட்-மேன் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு ஒருவர் என்னிடம் நேராகக் கேட்டால், மார்வெல் அணிக்கு 1:12 என்று தயங்காமல் சொல்வேன். பொது உடல் தொல்லை இருந்தாலும், தவறான பதிப்பை மாற்றிச் சரியானதை வைக்கும் வாய்ப்பு அங்கே மட்டும்தான் தாராளமாக இருக்கிறது. டிசியை ஏற்கெனவே 7 அங்குலத்தில் பாதி சேர்த்துவிட்டவர் 1:10இலேயே தொடரட்டும். வாகனமும் ராட்சசர்களும்தான் கனவு என்றால் 1:18.

வாங்கும் வரிசையும் முக்கியம். பெரும்பாலானோர் தலைவனில் தொடங்குவார்கள், சைக்ளாப்ஸோ கேப்டன் அமெரிக்காவோ. நான் சொல்வது, அணியிலேயே மிகக் குள்ளமானவரையும் மிக உயரமானவரையும் முதலில் வாங்குங்கள். சராசரி உயர ஆட்கள் எந்த வரிசையிலும் ஏறக்குறைய சரியாகத்தான் வருவார்கள். கோட்டை விடுவது இரு முனைகளில்தான். வுல்வரினும் கொலோசஸும் ஒரே ஸ்கேலில் சரியாக அமைந்துவிட்டால், இடையில் வரும் எல்லாரையும் அந்த இருவருக்கு நடுவே நிறுத்தி ஒரு பார்வையில் சரிபார்த்துவிடலாம்.

பிறரிடமிருந்து வாங்கும்போது தனியாக எடுத்த படத்தை ஏற்காதீர்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஏதாவது ஓர் உருவத்தின் பக்கத்தில் நிறுத்தி, கேமராவைத் தாழ்த்தாமல் கண்மட்டத்தில் வைத்து எடுத்த படத்தைக் கேளுங்கள். அவரிடம் அந்த உருவம் இல்லையென்றால் பக்கத்தில் ஓர் அளவுகோல் இருந்தால் போதும். ஏற்கெனவே வாங்கிவிட்ட வுல்வரின் அரை அங்குலம் கூடுதலாக நின்றால், முழங்காலைச் சற்று மடக்கி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, நகங்களை நீட்டிப் பாயத் தயாராக நிறுத்துங்கள். காமிக்ஸில் அவன் நிற்கும் விதமே அதுதான். கேப்டன் அமெரிக்கா மட்டும் நிமிர்ந்தே நிற்க வேண்டும், அவருக்கு வேறு உருவம்தான் வாங்க வேண்டியிருக்கும்.